ராணிக்குள் சுல்தான்

பெரிய மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேலையில் நோயாளி எதுவும் சொல்லாது. கூட வருகிறவர் நோயின் பெயரையே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடே தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வெள்ளிக்கிழமை

இந்தக் கதையின் ஆரம்பம் நான் பார்த்ததல்ல. ஒத்தக்கடையில் எங்கள் கிளினிக்கில் உதவியாளராக இருக்கும் பாண்டி அண்ணன் சொன்னது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் காசிம் பாயிடம் சுல்தான், ராணி என்று இரண்டு குதிரைகள் இருந்தன. சுல்தான் செத்துப்போன பிறகு ராணிக்குக் கழுத்து தடித்தது. பெட்டையாகப் பிறந்தது ஆண் குதிரை போலக் கனைத்தது, பக்கத்து லாயத்துப் பெட்டைகள் மேல் தாவியது. சுல்தான் அதற்குள் புகுந்துவிட்டான் என்று வீட்டில் முடிவுகட்டி, விற்கச் சொல்லிவிட்டார்களாம்.

“வெள்ளிக்கிழமை புரோக்கர் வாரான் டாக்டரம்மா. அவன் ஓட்டிட்டுப் போன குதிரைய அதுக்கப்புறம் யாரும் பார்த்ததில்ல.”

காலி இடம்

நாங்கள் போனது உச்சி வெயிலில். லாயத்துக்குள் மட்டும் இருட்டு. சுல்தான் நின்ற இடம் காலி. அதன் கயிறு இன்னும் ஆணியில் தொங்கியது. ராணி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. பிறகு கனைத்தது. ஆண் குதிரை பெட்டையை மோப்பம் பிடிக்கும்போது இப்படிச் செய்யும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

வாசலைத் தாண்டி உள்ளே வராமலே காசிம் பாய் கேட்டார்: “கேட்டீங்களாம்மா? சுல்தான் குரலேதான். பிள்ளைக காதைப் பொத்திக்கிட்டு அழுகுதுக.”

உள்ளே ஒண்ணு

ராணியை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, லேசாக மயக்க ஊசி போட்டு, தோள்வரை கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாகக் கையை விட்டேன். குதிரையின் சூலகங்களை அந்த வழியாகத்தான் தடவிப் பார்க்க முடியும். வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இடது பக்கம் ஒரு தேங்காய். அந்த நேரம் பார்த்து ராணி மறுபடி கனைத்தது. அந்தக் குரல் என் விரலில் தொடங்கித் தோள்வரை அதிர்ந்தது. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“பாய், உள்ளே ஒண்ணு இருக்கு.”

காசிம் பாய் தெருவுக்கே போய்விட்டார். பாண்டி அண்ணனும் சட்டத்தை விட்டுக் கையை எடுத்தார். இருவரையும் கூப்பிட்டு, ‘கட்டி’ என்று சொல்லாமல் ‘ஒண்ணு’ என்று சொன்னது என் தப்பு என்றேன். கட்டியில் ஊறும் ஆண் ஹார்மோன்தான் ராணியை இப்படி ஆட்டுகிறது என்று விளக்கி, ஸ்கேனில் தேன்கூடு மாதிரி தெரிந்த ஓட்டைகளைக் காட்டினேன். பாய் திரையில் ஒரு ஓட்டையைத் தொட்டுக் காட்டினார்.

“அப்ப இம்புட்டு நாளா இந்த ஓட்டைக்குள்ளதான் உக்காந்திருக்கானா?”

புரோக்கர்

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமா என்று பாய் கேட்டார். போகும், ஆனால் மறுநாளே போகாது, சில மாதம் ஆகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றது. என் கண் முன்னாலேயே புரோக்கர் கயிற்றை அவிழ்க்கப் போனான். காசிம் பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போ மாப்ள. சுல்தானை வெளிய எடுத்துட்டு ராணிய மட்டும் தாரேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் ஆபரேஷன் நடந்தது, குரலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு சுல்தானுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் விசாரித்தேன்: நாங்கள் அம்புட்டுப் பேரும் பயந்த சுல்தான் குட்டியிலேயே காயடிக்கப்பட்டவன், உயிரோடு இருந்தவரை எந்தப் பெட்டையைப் பார்த்தும் அப்படிக் கனைத்ததே இல்லையாம்.