‘ஆஹே’ என்று நான் எழுதிய சாய்தளம்

இல்லாத ஒரு சாய்தளத்தை இருக்கிறது என்று ஆறு ஆண்டுகள் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரிடமும் கை நீட்டவுமில்லை. படிவம் திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான் காரணம். புதிதாக வேலைக்குச் சேரும் கால்நடை மருத்துவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் தங்கள் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் சரி.

1. கேள்வியும் பதிலும்

புனேக்கு வெளியே ஒரு சிறிய நகராட்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே கால்நடை அதிகாரியாகச் சேர்ந்தேன். வீடு சாங்வியில். வியாழக்கிழமைதோறும் நகராட்சியின் ஆட்டுச்சந்தை கூடும். அங்கே விலைபோகும் செம்மறிகளில் ஒரு பகுதி லாரியில் துறைமுகம் போய், கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போகும். சந்தையில் விலங்குகளுக்கு வேண்டிய வசதிகள் உண்டு என்று நான் சான்று தந்தால்தான் லாரி நகரும்.

படிவம் மராட்டியில் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, நிழல், லாரியில் ஏற்றச் சாய்தளம் என்று வரிசை. எதிரே ‘ஆஹே’ அல்லது ‘நாஹி’ என்று எழுத வேண்டும். இருக்கிறது, இல்லை. எனக்கு அப்போது தெரிந்த மராட்டியே ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதல் வாரம் சாய்தளத்துக்கு எதிரே ‘நாஹி’ போட்டேன். ஏன் இல்லை, விளக்கம் தருக என்று திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினேன். விளக்கம் போதவில்லை என்று வந்தது. மூன்றாம் முறை தலைமை எழுத்தர் ஜோஷி தன் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஊரில் தெற்கிலிருந்து வந்த எவனும் ‘அண்ணா’தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஜோஷிக்கும் நான் அண்ணா. அந்த ஊர்க்காரர்கள் மராட்டியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“அண்ணா, நாஹின்னு எழுதினா அது கேள்வி. ஆஹேன்னு எழுதினா அது பதில். ஆபீசுக்குப் பதில்தான் வேணும்.”

நான்காம் வாரம் பதில் எழுதினேன். படிவம் திரும்பி வரவில்லை.

சந்தையில் ஆடு ஏற்றும் சுமைகூலிகளான ஹமால்களுக்குத் தலைவன் தத்து. ஆட்டின் ஒரு முன்னங்காலையும் முதுகு ரோமத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சு. லாரியில் நிற்பவன் பிடித்து உள்ளே தள்ளுவான். சில ஆடுகள் எழுந்து மூன்று காலில் நிற்கும். அந்த நேரத்தில் நான் டீக்கடைப் பக்கம் திரும்பி நிற்பேன்.

2. ஆட்டுக்குத் தெரியவில்லை

துறைமுகத்தில் ஆடுகளைக் கப்பலில் ஏற்றும்முன் சோதிக்கும் டாக்டர் ஷைலஜா, சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் ஜூனியர். “சார், உங்க ஆடுங்களைப் பாக்க ஒருதரம் வாங்களேன்” என்று ஆறாம் வருடம் ஒருநாள் போனில் கூப்பிட்டார். பழைய மரியாதை என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன்.

கப்பலுக்கு ஏறும் பலகைப் பாதை இருபக்கமும் தடுப்போடு சாய்வாக இருந்தது. வேறு ஊர் ஆடுகள் அதில் தடதடவென்று ஏறிப் போயின. எங்கள் சந்தை ஆடுகள் பலகையின் அடியில் வந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. பின்னாலிருந்து தள்ளியும் அசையவில்லை.

“மத்த ஊர் ஆடுங்க இதுமாதிரி ஒண்ணுல ஏறித்தான் லாரிக்கே வந்திருக்கும்” என்றார் ஷைலஜா. “உங்களதுங்க இப்பத்தான் மொதமொதல்ல பாக்குது. உங்க சந்தையில ரேம்ப் இருக்குன்னு போட்டிருக்கே சார்?”

“இருக்கு” என்றேன்.

“ஆட்டுக்குத் தெரியலையே சார்.”

அவர் சிரிக்கவில்லை. நொண்டிய நான்கை ஓரமாகக் கட்டியிருந்தார். கப்பல் ஆடும்போது நொண்டி ஆட்டால் நிற்க முடியாது, படுத்துவிடும், மற்றவை மிதிக்கும் என்றார். தண்ணீர்த் தொட்டி எட்டடி தூரத்தில் இருந்தாலும் அதனால் போக முடியாது.

“என் கண்ணுல பட்டதை நிறுத்திருவேன். படாதது போயிரும்.”

திரும்பும் ரயிலில் என்னால் படிக்க முடியவில்லை. ஆறு வருட வியாழக்கிழமைகள். கண்ணில் படாமல் போனவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

3. பழுதுபார்க்கும் யோசனை

பக்ரீத் கப்பல்களுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் ஒரு சாய்தளம் கட்டிவிட வேண்டும் என்று நகராட்சிப் பொறியாளர் காளேயிடம் போனேன். அவர் சொத்துப் பதிவேட்டைப் புரட்டினார்.

“ரேம்ப் இருக்கே அண்ணா. ஆறு வருஷமா இருக்கு. சாட்சிக் கையெழுத்து உங்களோடது.”

“அது இல்லை, காளே.”

“இருக்கிற எடத்துல இன்னொண்ணு கட்ட எனக்கு அதிகாரம் இல்லை.” பிறகு முன்னால் குனிந்தார். “ஆனா ரிப்பேர் பண்ணலாம். பலத்த சேதம்னு ரெண்டு வரி எழுதுங்க. பதினஞ்சு நாள்ல முடிச்சிடறேன்.”

“எவ்வளவு சேதம்?”

“கண்ணுக்கே தெரியாத அளவுக்கு.”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த ஆண்டு எனக்கு மாவட்டப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. காளே சொன்ன வழியில் ஆட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வீட்டுக்கு வந்து மனைவி கமலாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப பொய்யைத்தான் ரிப்பேர் பண்ணப் போறீங்க.”

“ஆடு பொழைக்குமே.”

“பொழைக்கும். அடுத்த வருஷம் தொட்டியில தண்ணி இல்லைன்னா? அதுக்கும் ஆஹேதானே. கையி பழகிப்போச்சு உங்களுக்கு.”

மறுநாள் தலைமை அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ‘சந்தையில் சாய்தளம் நாஹி. என்றும் இருந்ததில்லை. ஆஹே என்று எழுதியது நான்.’ அவர் என்னைக் கூப்பிட்டு, “இதை எடுத்துட்டுப் போங்க, நான் பாக்கலை” என்றார். நல்ல மனிதர். நான் எடுக்கவில்லை.

4. மன்றக் கூட்டம்

கடிதம் நகராட்சி மன்றத்தில் வாசிக்கப்பட்டது. நான் கடைசி வரிசையில் கைகட்டி நின்றேன். உறுப்பினர் ஒருவர், ரேம்ப் திருட்டுப்போய்விட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுக்கலாமே என்றார். இன்னொருவர், “ஆறு வருஷமா நாம பெருக்கிச் சுத்தமா வெச்ச ரேம்ப் அது, மரியாதையாப் பேசுங்க” என்றார். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கடிதம் வேறொருவருடையதாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சாய்தளம் கட்டத் தீர்மானம் நிறைவேறியது. பதவி உயர்வு என்னைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. ஜோஷி அதை எழுதிவிட்டு, “இதுவும் ஒரு ஆஹேதான் அண்ணா, இனி அழியாது” என்று என் தோளைத் தட்டினார்.

காளே முதலில் செங்குத்தாகக் கட்டிவிட்டார். ஆடுகள் ஏறவில்லை. “ஆட்டுக்கு மாடிப்படியா அண்ணா?” என்று தத்து கேலி செய்தான். இடித்துச் சரிவைக் குறைத்தோம். அப்போதும் தயங்கின. அடுத்த வியாழக்கிழமை தத்துவே தன் வீட்டு வெள்ளாட்டைக் கயிறு கட்டிக் கூட்டி வந்து முன்னால் நடத்தினான். செம்மறிகள் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே ஏறின. பக்ரீத் லாரிகள் எல்லாம் அந்த வெள்ளாட்டின் பின்னால்தான் நிரம்பின. ஒரு மாதம் கழித்து தத்து தன் வலது தோளை எனக்கு முன்னால் சுழற்றிக் காட்டினான். பல வருடமாக அந்தக் கை தலைக்கு மேல் போனதில்லையாம். அதையும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஷைலஜா போன் செய்தார். “தானா ஏறுது சார். நொண்டி ஒண்ணும் இல்லை.”

கடிதம் மன்றத்தில் வாசிக்கப்பட்ட கதை சந்தைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஹமால்கள் அந்தச் சாய்தளத்துக்கு ‘ஆஹே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “இந்த லாரியை ஆஹேக்குக் கொண்டா” என்பார்கள். புதிதாக வந்த வியாபாரிகள் அது ஏதோ சாமி பெயர் என்று நினைத்தார்கள்.

நான் கற்றது சின்ன விஷயம். காலால் போய்ப் பார்க்காததைக் கையால் எழுதக்கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் முதல் லாரி வந்ததும் நானே சாய்தளத்தில் ஏறி, லாரிக்குள் போய், திரும்பி இறங்கி, அதற்குப் பிறகே படிவத்தைத் திறப்பேன். அதற்கு முன் போனவற்றுக்கு இது ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் ஏறினேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசி வியாழக்கிழமையும் ஏறினேன். முட்டி வலியில் மெதுவாகத்தான் போக முடிந்தது. தத்து கீழே நின்று என் கால்களை உற்றுப் பார்த்தான். பிறகு சந்தைக்கே கேட்கும்படி சொன்னான்:

“அண்ணா லேசா நொண்டறாரு. கப்பல்ல ஏத்தாதீங்க, வீட்டுக்கு அனுப்பிடுங்க.”