சுவரில் ஒட்டிய சகன் தட்டுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு முழுக்க என்னுடையது.

மாமனார் மவுத்தாகி, விதவை வெளியே போகாமல் துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும், மாமியார் பழவேற்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கவரைப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் துணி. ஒரு சாக்கில், பழைய சேலை சுற்றிய நாலு சகன் தட்டு. விருந்து என்றால் எங்கள் பக்கம் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கான அகலமான பீங்கான் தட்டு, ஓரமெல்லாம் நீலப் பூ. மொத்தம் ஏழில் மூன்றை அங்கேயே அலமாரியில் விட்டுவிட்டு வந்திருந்தார். பாதி மனசு அங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மாமியார் மருமகள் ஒட்டுதல் என்றால் ஊரே சிரிக்கும். ஆனால் தாயில்லாமல் வளர்ந்த எனக்கு அவர் வீட்டில் நடமாடினாலே தெம்பு. எங்களோடேயே இருந்துவிட வேண்டுமே என்று தவியாய்த் தவித்தேன். அவரோ ஜன்னலோரம் போய் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

அவர் வீடு மாதிரி ஆக்குகிறேன் பேர்வழி என்று இறங்கினேன். போனில் ஒரு வீடியோ: சுவர் முழுக்கத் தட்டுகள், அவ்வளவு அழகு. ஆணி அடிக்கக் கூடாது என்று கீழ்வீட்டு ஓனரக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். அதனாலென்ன, பசை இருக்கிறதே! மாமியாரைக் கண் காட்ட என் வீட்டுக்காரர் பொன்னேரிக்குக் கூட்டிப்போன நேரத்தில், இரண்டு டியூபைக் கலந்து நாலு தட்டையும் ஹால் சுவரில் ஒட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? சோறு போடுற தட்டைச் செவுத்துல ஒட்டிட்டியே. இனிமே இந்த ஊட்டுக்கு யாரும் சாப்பிட வரமாட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டியா?"

"அழகுக்குத்தானே மாமி ஒட்டினேன்! அதுக்கு இவ்ளோ பேஜாரா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சண்டை போடவில்லை. துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமை நான் கெளம்புறேன். ஆளு வராத ஊட்ல எனக்கு இன்னா வேலை?"

அப்போதுதான் உறைத்தது. இங்கே குடிவந்து மூன்று வருஷம், ஒருத்தரைக்கூட நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. ஷிப்டு, ரயில், தூக்கம் என்றே ஓடிவிட்டது. அவர் தட்டுகளைத் தூக்கி வந்ததே நாலு பேருக்குச் சோறு போடத்தான். அடுப்படிக்குள் போய் வெட்கத்தில் அழுதேன்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வெல்டர். மெல்லிய கம்பி ஒன்றைத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு இழுத்து இழுத்துப் பசையை அறுத்தார். மூன்று தட்டு பிழைத்தது. ஒன்று உடைந்தது. சுவரில் நாலு இடம் காரை பெயர்ந்து பல்லிளித்தது.

சத்தம் கேட்டு ஓனரக்கா மேலே வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஆணியே அடிச்சிருக்கலாமேம்மா."

அந்த வாய் வார்த்தையை விடுவேனா? பூசி வெள்ளையடித்து, நாலு ஆணி அடித்தோம். தட்டை மாட்டவும் எடுக்கவும் வசதியாக என் வீட்டுக்காரர் கம்பியில் நாலு வளையம் செய்தார். நாலாவது தட்டு உடைந்தது அவருக்கு நினைவில்லை.

"மாமி, ஞாயித்துக்கெழமை நீங்க போக முடியாது," என்றேன். "சாப்பிட ஆள் கூப்ட்டாச்சு. உங்களோட பன்னெண்டு பேரு, மூணு சகன்."

மாமியார் கட்டிய பையைப் பிரிக்கவில்லை. ஆனால் அரிசி ஊறவைக்க அவர்தான் முதலில் எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓனரக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் தயங்கினார். "இதுல என் பக்கம் எது?"

"கறி இருக்கிற பக்கம் உன் பக்கம்," என்று மாமியார் பெரிய துண்டாகப் பார்த்துத் தள்ளிவிட்டார். அவர் சிரித்ததை இந்த வீட்டில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எல்லோரும் போன பிறகு, கழுவித் துடைத்த தட்டுகளை மாமியாரே மாட்டினார். காலியாக இருந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பழவேற்காட்டுல மூணு தட்டு சும்மா கெடக்குது. அடுத்த வாரம் போய் எடுத்துகினு வந்துடலாம். இன்னும் ரெண்டு வளையம் செய்யச் சொல்லு அவன்கிட்ட."

வீட்டுக்காரரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் இரண்டு ஆணிக்கு ஓனரக்காவிடம் கேட்க நான் படியிறங்கி ஓடினேன்.