கொட்டாஞ்சேனையில் கோச்சி இல்லை

என் கணவர் ஒரு ரொக் இசைக்குழுவின் பாடகர் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் யாரிடமாவது சொன்னால் போதும், "அதெல்லாம் எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ?" என்று கேட்பார்கள். செய்தார்கள். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், எங்கள் வீட்டு மேல்மாடி அறையில், தமிழில் பாட்டுக் கட்டி ஊரைக் கூட்டுகிற சத்தத்தில் வாசித்தார்கள். என் கணவர் பாடினார். கிற்றார் வாசித்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். ட்ரம்ஸ் அடித்தவர் கிராண்ட்பாஸில் இருந்து வருகிற முஸ்லிம். எல்லாருக்கும் அவர் மச்சான், எனக்கு மட்டும் நானா, அண்ணன் முறை. பேஸ் கிற்றார்காரர் களனியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சிங்களவர். ஒவ்வொரு தமிழ் வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவருடைய விரல் கம்பியில் படும். கல்யாணம் கட்டிப் போன வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் தலையிடி இந்த நால்வர்தான்.

அந்த வீட்டின் பின்மதிலை ஒட்டி ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். கோச்சி வந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வேறு ஆட்களாக இருந்தால் நிறுத்திவிட்டு, கோச்சி போன பிறகு பாட்டை முதலில் இருந்து தொடங்குவார்கள். இவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோச்சி நெருங்கும்போது நானா ஒரு ட்ரம்ஸ் குச்சியைத் தலைக்கு மேலே தூக்குவார். எல்லாரும் அதே இடத்தில் கையை நிறுத்தி, தாளத்தை மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். கோச்சி போனதும் குச்சி இறங்கும். விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லில் நால்வரும் ஒன்றாக வந்து விழுவார்கள். ஒருவர் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. என் தலையிடியை மறந்து நான் வாய் பிளந்து நின்றது அந்த ஒரு காரியத்துக்குத்தான். பிறகு அந்த நிறுத்தத்துக்கே அவர்களிடம் 'கோச்சி' என்று பெயர் வந்துவிட்டது.

ஒரேயொரு கசெட் போட்டார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அது வீட்டுக்கு வீடு கைமாறியது. பிறகு நாட்டு நிலைமை, வேலை, பிள்ளைகள். கிற்றார்காரர் டொரொன்டோ போனார், நானா டோஹா போனார், மேல்மாடி அறையில் நான் உடுப்புக் காயப்போட்டேன்.

கிற்றார்காரர் திரும்பி வந்தது அண்மையில்தான். கொட்டாஞ்சேனையில் தாய் தகப்பனின் வீட்டு மேல்மாடியை ஸ்ரூடியோவாக மாற்றி, ஒரு புது அல்பம் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானாவும் ஊருக்கு வந்திருந்தார். களனிக்காரர் எங்கும் போகவே இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு ரொக் வாசிக்கப் போகிறார்களாம் என்று நான் சிரித்தேன். ஆனால் பிரச்சினை முழங்கால் இல்லை.

அதற்கு முன்பே என் கணவருக்குத் தைரொயிட் ஒப்பரேஷன் நடந்திருந்தது. ஒரு பக்கத்துக் குரல்நாண் சரியாக வேலை செய்யாது, மூச்சு ஒழுகிக்கொண்டே இருக்கும் என்று டொக்டர் சொன்னார். பேச்சு ஒருவாறு திரும்பி வந்தது. பாட்டில் நீளமான வரி வந்தால் பாதியில் மூச்சு முடிந்துவிடும். அவர் பாடுவதையே விட்டார். அதுவரை ஒரு நாளும் குளியலறைக்குள் வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதர் இல்லை. இப்போது தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். காலையில் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி போடுவேன்.

இரக்கம் என்றால் அவருக்கு ஆகாது. ஒரு பிறந்தநாள் வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ ஓடிப்போய் சுடுதண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அவர் கேக் வெட்டும் வரையும் நிற்காமல் வெளியேறிவிட்டார். அதனால்தான் அல்பம் என்றதும் பயந்தேன். நண்பர்கள் தன்னைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், இந்த மனிதர் இனி ஆயுளுக்கும் மைக்கைத் தொடமாட்டார்.

"நான் பாட வரேல்லை. சும்மா இருந்து பாக்கிறன்" என்றார் கிற்றார்காரரிடம்.

"நீ பாடாட்டி அல்பமும் இல்லை. சாமானெல்லாத்தையும் வித்துப்போட்டு திரும்பப் பிளேன் ஏறுறன்" என்றார் அவர்.

முதல் நாள் ஒலிப்பதிவுக்கு நானும் போனேன். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த அறை. ஒலிப்பதிவு செய்கிற பெண் பொரளையில் இருந்து வந்தவள். எங்கள் மகள் வயது. அவளோடு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். மூன்று நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு ஒரு நீளமான வரி வந்தது. அவருடைய தோள் மேலேறத் தொடங்கியது. எனக்கு அந்தத் தோளைத் தெரியும். மூச்சு முடியப் போகிறது.

நானாவின் குச்சி மேலே போனது.

மற்ற இருவரும் யோசிக்கவே இல்லை. அப்படியே நின்றார்கள். அவரும் நின்றார். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து அந்தப் பெண் மேசைக்குக் கீழே குனிந்து தேடினாள். குச்சி இறங்கியது. அடுத்த சொல்லில் நால்வரும் ஒன்றாக விழுந்தார்கள். அந்தச் சொல் நிறைந்த மூச்சோடு வந்தது.

பாட்டு முடிந்ததும் என் கணவர் சிரித்தார். "டேய், கொட்டாஞ்சேனையில எங்கயடா கோச்சி?"

"பழக்கதோஷம் மச்சான். கை தானா மேல போகுது" என்றார் நானா.

அடுத்த பாட்டிலும் கை தானாக மேலே போனது. அப்போதுதான் கவனித்தேன். நானா தன் ட்ரம்ஸைப் பார்க்கவே இல்லை. என் கணவரின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு அடித்தார். இத்தனை வருடம் பாலைவனத்தில் கணக்குப் பார்த்துவிட்டு வந்த மனிதர், ஒரு பழைய விளையாட்டை எடுத்து இவருக்கு மூச்சு வாங்க இடமாக்கிவிட்டார். நான் அழுதேன். யாராவது கேட்டால் ஏசி குளிர் என்று சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பிளேன்டீ குடிக்க வெளியே வந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன். "நானா, நீங்கள் அந்தக் குச்சியை..."

"தங்கச்சி, நீங்க ஒண்டும் பாக்கல்ல. நான் ஒண்டும் செய்யல்ல" என்று மீன் வைத்த மாலுபானைக் கடித்தார்.

கடைசி நாளில் பொரளைப் பெண் தன் கெட்டித்தனத்தைக் காட்டப் பார்த்தாள். "அங்கிள், அந்த கேப் எல்லாத்தையும் எடிட்ல ஒட்டிடுறேன். ஒருத்தருக்கும் தெரியாது." என் கணவர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். நானா தலையை ஆட்டினார். "வாணாம் மகள். அப்பிடியே ஈக்கட்டும்." களனிக்காரர் சிரிக்காமல், "கோச்சிய நெத்துவ பே" என்று சிங்களத்தில் சொன்னார். கோச்சி இல்லாமல் முடியாது. அப்போதுதான் விளங்கியது, அந்த இரகசியம் நானாவோடு மட்டும் இருக்கவில்லை.

அல்பம் இணையத்தில் வந்ததும் முதல் கருத்து, "என்ர போன் பழுதா, பாட்டு பழுதா?" இன்னொருவர் டேட்டா முடிந்துவிட்டது என்று நினைத்து ரீலோட் போட்டிருந்தார். ஒரு விமர்சகர் அந்த மௌனங்களில் இழப்பின் தத்துவம் உறைந்திருக்கிறது என்று நீளமாக எழுதினார். கிற்றார்காரர் அதை வாசித்துக் காட்டியபோது நானாவுக்குப் புரையேறியது. பிறகு வெள்ளவத்தையில் வளர்ந்து எங்கேயோ குளிர் நாட்டில் இருக்கிற ஒரு பெண் எழுதினாள்: "இது பழுதில்லை. எங்கட ஒழுங்கையில கோச்சி போகுது." அதற்குப் பிறகு அல்பம் ஆட்களைப் பிடித்துக்கொண்டது. காலி வீதியில் உடுப்புக்கடைக்குள் போனால் என் கணவரின் குரல். கோச்சி வரும் இடத்தில் கடைக்காரப் பெண்கள் மடித்துக்கொண்டிருந்த சேலையோடு நின்று, சரியான சொல்லில் மறுபடி மடிக்கத் தொடங்குவார்கள். முன்பு ஆட்கள் அவருடைய குரலைப் புகழ்வார்கள். இப்போது வரிகளைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். எனக்கு இந்தக் குரல்தான் அதிகம் பிடிக்கிறது. அவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

வெளியீட்டு நிகழ்ச்சி கொட்டாஞ்சேனையில், பின்னேரம், ஒரு சின்ன மண்டபத்தில். வழுக்கைத் தலைகள், மகள்மாரோடு வந்த தாய்மார், பின்னால் எழும்பி நின்ற பொடியன்கள். முதல் பாட்டில் இருந்தே குச்சி மேலே போகும்போதெல்லாம் மண்டபம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணியது. என் கவலை கடைசிப் பாட்டில்தான். முதல் நாள் ஒலிப்பதிவில் வந்த அந்த நீளமான வரி அதில் இருக்கிறது.

வரி வந்தது. தோள் ஏறியது. குச்சி மேலே போனது. கிற்றார் நின்றது, பேஸ் நின்றது. என் கணவர் நிற்கவில்லை. நானாவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியே பாடிக்கொண்டு போனார். குரல் கரகரத்தது, உடைந்தது. வரி முடிய இரண்டு சொல் இருக்கும்போது மூச்சு தீர்ந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் அப்படியே நின்றார். அவசரப்படவில்லை. கையை நெஞ்சில் வைத்து மூச்சை இழுத்து நிரப்பிவிட்டு, மிச்ச இரண்டு சொல்லையும் பாடினார். நானாவின் கை அதுவரை மேலேயே இருந்தது.

மேடைக்குப் பின்னால் நானா சண்டைக்குப் போனார். "என்ன மச்சான், கோச்சில நிக்காமப் போற?"

"கொட்டாஞ்சேனையில கோச்சி இல்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியுமடா."

நானா கையில் இருந்த குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு நாளும் நிண்ட?"

"நீ குச்சியத் தூக்கினா நிக்கிறதுதானே எங்கட வழக்கம்" என்றார் அவர். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு ட்ரம்ஸ் கழற்றப் போனார்.

எங்கள் பழைய வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அதே ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கோச்சி இன்னும் பின்னால்தான் ஓடுகிறது. அடுத்த நாள் காலை நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறைக்குள் இருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. நடுவில் கோச்சி வந்து எல்லாவற்றையும் மூடியது. கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி எண்ணிக்கொண்டு நின்றேன். கோச்சி போனது. அவர் அடுத்த சொல்லில் இருந்து பாடினார்.