கோழி ஈரலில் வெள்ளைக் கட்டி

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அலுமினியப் பவுடரோடு புழங்கும் வேலை. சாயங்காலம் வரும்போது முழங்கை வரை வெள்ளி பூசியிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கையால்தான் கோழிகளுக்குக் கம்பு போடுவாள். அந்தக் கையால்தான் என் தங்கைக்குச் சோறு ஊட்டுவாள். வேறு யார் ஊட்டினாலும் அந்தப் பிடிவாதக்காரி வாயைத் திறக்க மாட்டாள்.

டிவியில் பறவைக் காய்ச்சல் என்று அலறிக்கொண்டிருந்த வருஷம். எங்கள் வெடைக்கோழிகள் ஒவ்வொன்றாகக் கால் விளங்காமல் படுத்தன. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். தீனியைப் பார்க்கும், எழுந்து வர முடியாது.

"டிவியில சொல்ற காய்ச்சலா இருக்குமோ?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "இல்ல மதினி. என் கையில இருக்க பவுடருதான் தீனியோட உள்ள போயிருக்கு."

தீபாவளி சீசனில் லீவு போட்டால் என்ன பேச்சு விழும் என்று தெரிந்தும் லீவு போட்டாள். செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அறுத்துக் காட்டினார். வீங்கிய ஈரல் முழுக்கச் சோற்றுப் பருக்கை அப்பியது போல் வெள்ளைக் கட்டிகள்.

"ஒங்க கையால ஒண்ணும் வரலம்மா. இது மேரக்ஸ்னு ஒரு வைரஸ் நோய். நோய்க்கோழியோட றெக்கைத் தூசியில பரவும். பொரிச்ச அன்னைக்கே குஞ்சுக்கு ஊசி போட்டிருக்கணும். மனுசருக்கு வராது, பயப்படாதீக."

எனக்கு உயிர் வந்தது. அம்மா ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றெக்கைத் தூசிக்கே இம்புட்டுக் கட்டி வருதுன்னா, எங்க கம்பெனி பவுடரு என்ன செய்யும் சார்?"

கட்டிக்குக் காரணம் வைரஸ்தான், தூசி இல்லை என்று அவர் மறுபடி சொல்லிப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, கல்லில் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

அன்று சாயங்காலம் தங்கை அம்மாவின் மடியில் ஏறி வாயைத் திறந்தாள். அம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நீ ஊட்டுடி."

தங்கை வாயை இறுக்கிக்கொண்டு அழுதாள். கைகளைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அம்மாவும் அழுதாள். அந்தக் கோழிகள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். வேறு ஏதாவது நோயில் செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலை கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அம்மா எப்போதும் போல ஏறிப் போனாள்.