மை வைக்காத விரல்கள்

என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ல, எங்கே ள என்று இன்றும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், மக்களவைத் தேர்தலுக்கு முன்னால், தினமும் தோசை சாப்பிட வரும் கல்லூரி சார் ஒருவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். யார் ஜெயிப்பார் என்று ஒரு பத்திரிகைக்காகக் கருத்துக்கணிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். சார் மலையாளி, அவருக்குத் தமிழ் வராது.

சார் கொண்டுவந்த தாளில் கட்சிச் சின்னங்கள் இருந்தன. பிடித்ததில் குறி போட்டு, மடித்து, பூட்டிய தகரப் பெட்டியில் போட வேண்டும். அப்படிச் செய்தால்தான் மனதில் உள்ளது வெளியே வருமாம். இது நிஜ ஓட்டு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடச் சொன்னார். சொன்னேன். ஆனால் ஆண்கள் ஃபாக்டரிக்குப் போயிருந்தார்கள். வரிசையில் நின்றதெல்லாம் பெண்கள். கூச்சத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலில் நின்றவள் எங்கள் பக்கத்து ஊர்க்காரி, கொழுந்து எடுப்பவள். "இந்த வருசந்தான் அண்ணாச்சி, பட்டியல்ல எம் பேர சேத்திருக்கு" என்றாள். தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, இடது கை விரலை நீட்டியபடி நின்றாள்.

"மை வைக்கலியா?"

"மை தீந்திருக்கும். சட்டி அடிக் கரிய தடவிக்கிடு" என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"எந்தா அண்ணாச்சி, அவர் சோதிச்சது?" அவர்கள் என்ன கேட்டார்கள் என்று சார் மலையாளத்தில் விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

அத்தனை பெண்களையும் நிறுத்தி, முதலிலிருந்து சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொருத்தியும் போட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். லீவு கேட்டால் முதலாளி காரணம் கேட்பார். நான் கேட்கவே இல்லை.

முடிவு வந்தபின் சார் தோசையைப் பிட்டபடி, "நம்மட கணக்கு பொளிஞ்ஞு. எஸ்டேட்டுகாரு பலரும் வோட்டுக்கு வந்நே இல்ல" என்றார். எஸ்டேட்டுக்காரர்கள் வராமல் கணிப்பு தப்பியதற்கு மழையைக் குறை சொன்னார். நான் சாம்பார் ஊற்றினேன்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த முதல் பெண் எங்கள் கடைக்கு வந்தாள். தேர்தலன்று துணி துவைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறாள்.

"ஏன் போகலன்னு சாயங்காலம் சூப்பர்வைசர் கேட்டாரு. போன வாரமே போட்டாச்சேன்னோம். ஆம்பளையெல்லாம் இப்பவும் சிரிக்கானுவ."

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "நான் விரல நீட்டினப்போ ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு வரவில்லை.

இந்த ஏப்ரலில் நானும் இங்கே ஓட்டுப் போட்டேன். அந்த மை நகத்தின் நுனியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை வெட்டுவதற்குள் எழுதிவிட நினைத்தேன். எனக்குத் தெரியும். அன்றே தெரியும். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

2009 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை.