‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் குப்புராஜ் கால் வைத்து, சட்டைப்பையிலிருக்கும் ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில், ஏரியிலுள்ள கொக்கெல்லாம் ஒரே வீச்சில் எழும்பி மேடவாக்கம் பக்கம் பறந்துவிடும். கொக்கெல்லாம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு கொக்கு. அதுவும் பறக்காது, இரண்டடி தள்ளிப்போய்க் காலை மாற்றிக்கொண்டு நிற்கும். ஆனால் நடக்க வந்த மனிதர்கள் வேகம் கூட்டுவது நிஜம். “எனக்கு சுகர் குறைஞ்சதே அவராலதான்” என்பார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சுந்தரராமன்.

குப்புராஜுக்கு அறுபத்து மூன்று வயது. கீழே அரைக்கால் சட்டை, மேலே முழுக்கைச் சட்டை. ஸ்பீக்கருக்குப் பை வேண்டுமே. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா நெல் விதைத்த நிலமெல்லாம் மனைகளாகிப் போக, மிஞ்சியதில் மாடிவீடு கட்டி ஆறு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார். வீடு பார்க்க வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னா பாட்டு கேப்பீங்க?” பதில் சரியில்லையென்றால் பிரசங்கம்தான். “இப்ப வர்றதெல்லாம் பாட்டா சார்? மிக்சில கல்லப் போட்டு அடிக்கிறானுங்கோ. அப்பல்லாம் ஒரு பாட்டுக்கு வாரம் பூரா காத்துகினு கெடப்போம். அதான் சார் வாழ்க்க!” இதைச் சொல்லிக்கொண்டே, தோசைமாவு பன்னிரண்டு நிமிடமாகியும் வந்து சேரவில்லையென்று டெலிவரிக்காரரை மூன்றாம் தடவை போனில் கூப்பிடுவார். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த இரவுகளை நினைத்து ஏங்குவதும் உண்டு. ஏங்குவது ஏசி அறையில், போர்வைக்குள்.

ஸ்பீக்கரில் ஓடுவது ஒரே ஒரு கேசட். எண்பத்தேழில் மேற்குத் தாம்பரத்து ரெக்கார்டிங் கடையில், நோட்டுத்தாளில் பாட்டுகளின் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து பதிந்து வாங்கியது. மகள் வினிதா அதை இருந்தது இருந்தபடியே போனில் ஏற்றிக் கொடுத்தாள். அந்தக் கடைக்காரர்கள் நாடாவில் ஓரங்குலம்கூட வீணாக்க மாட்டார்கள். பக்கம் முடிய இரண்டு நிமிடம் இருந்தாலும் நாலு நிமிடப் பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள்; போகிற மட்டும் போகட்டும் என்று. ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு அப்படிப் போனதுதான். ஒரு பெண்குரல் குழைந்து குழைந்து வந்து, “மழை விட்டதும் வருவேன் என்று...” டக். அவ்வளவுதான். அந்தப் பாட்டு வந்த படமும் நாலே நாளில் படுத்துவிட்டதால் மீதிப் பாட்டைக் குப்புராஜ் கேட்டதேயில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியதுமில்லை. வருவேன் என்றவன் வந்துதானே இருப்பான்?

அந்த அரைப்பாட்டின் மேல்தான் அவருடைய முப்பத்தெட்டு வருடக் கல்யாணமே நிற்கிறது. பெண் பார்த்துவிட்டு வந்து எட்டு நாளாகியும் ஜெயக்கொடி வீட்டிலிருந்து பதிலில்லை. ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்கச் சொல்லி, கேசட்டை அவளுடைய அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். ஒன்பதாம் நாள் சம்மதம் வந்தது. “தங்கத்தப் போட்டு கட்னவன் இருப்பான், பாட்டப் போட்டு கட்னவன் நான் ஒர்த்தன்தான்” என்று கேம்ப் ரோடு டீக்கடையிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

இந்தச் சித்திரையில் அவர்கள் கல்யாண நாளும், நடைப்பயிற்சி நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டியும் ஒன்றாக வந்தன. ஜெயக்கொடியின் முன்னால், எல்லோரும் பார்க்க, அந்தப் பாட்டைப் பாடிவிட வேண்டுமென்று ஒரு வாரம் தொண்டைக்கு மிளகுப் பால் குடித்தார். மீசைக்கு மை போட்டார். சிற்றுண்டிக்குப் பிடித்த மண்டபத்தில் மின்விசிறி வெந்நீர்க் காற்றை வீச, எல்லோரும் பேப்பர் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் மைக்கைப் பிடித்துக் கதை சொன்னார். கண்ணை மூடிப் பாடினார். “வருவேன் என்று” வந்ததும் சட்டென்று நிறுத்திக் கும்பிட்டார். கைதட்டல்.

சுந்தரராமன் பிரியமாகத்தான் செய்தார். “சார், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் கிஃப்ட். நெட்ல தேடி ஃபுல் சாங்கையும் பிடிச்சிட்டேன்!” என்று தன் போனை ஒலிபெருக்கியோடு இணைத்தார்.

முப்பத்தெட்டு வருடமாக நின்ற இடத்தில் பாட்டு நிற்கவில்லை. “...சொன்னவன் போன திசையறியேன், இன்னொருத்தி வாசலில் மாலையோடு நின்றான்” என்று அந்தப் பெண்குரல் தேம்பியது. பிறகு ஷெனாய் அழுதது. விசிறிக்கொண்டிருந்த தட்டுகள் நின்றன.

“ஐயோ, இது ஏமாத்திட்டு ஓடிப்போனவன் பாட்டாச்சே!” என்றார் கூட நடக்கிற ஞானஜோதி டீச்சர். “இதையா சார் பொண்ணுக்குக் குடுத்தீங்க?”

மண்டபம் சிரித்தது. குப்புராஜின் மீசை மை வியர்வையில் இறங்கியது. மைக்கை வைத்துவிட்டு ஜெயக்கொடியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “மெய்யாலுமே தெரியாது கொடி. நீ... இத கேட்டுட்டா ஒத்துக்கினே?”

ஜெயக்கொடி பொங்கலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கேசட்ட எங்க கேட்டேன்? எங்க வூட்ல டேப்பு ஏது? அரிசி டின்னுல கெடந்துச்சு. பாட்ட மட்டும் பக்கத்து வூட்டு ரேடியோல கேட்டேன். முழுசா.”

“கேட்டுட்டுமா?”

“இந்தாளு பாட்டக்கூட முழுசா கேக்காம குடுத்தனுப்சிகிறானேன்னு பாவமா பூட்ச்சு.”

குப்புராஜ் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் போதும் அவருக்கு. எழுந்தார், மைக்கை எடுத்தார். “கேட்டீங்களா? பாட்டுல கீறவன் வர்ல. நான் வந்தேன்! கல்யாணத்தன்னிக்கு இன்னா மழ! ராஜகீழ்ப்பாக்கம் ரோடே ஏரியாட்டம் கெடக்குது. வேட்டிய மடிச்சு கட்டிகினு, மாலைய தலைமேல வெச்சிகினு, நீஞ்சாத கொறையா வந்தேன் சார். போடுங்க அந்தப் பாட்ட, இன்னொரு தபா!”

சுந்தரராமன் தயங்கித் தயங்கி மறுபடி போட்டுவிட்டு, போனை மேசையில் ஜெயக்கொடியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்குரல் குழைந்து வந்தது. குப்புராஜ் கண்ணை மூடி, கையை ஆட்டிக் கூடவே பாடினார்.

“சித்திர மாசம்யா அது” என்றாள் ஜெயக்கொடி, யாரைப் பார்த்தும் இல்லாமல். “ஒரு சொட்டு மழ இல்ல. இதே வெயிலு. நீ ஆட்டோல வந்த, அதுவும் அரமணி நேரம் லேட்டு.”

சொல்லிக்கொண்டே, “வருவேன் என்று” என்ற இடம் வந்ததும், பொங்கல் ஒட்டாத சுண்டுவிரலை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.