நெடுங்கேணி வீதியில் ஒரு கிடங்கு

குண்டு போடும் ஹெலி இரைகிறது என்று சைக்கிளை எறிந்துவிட்டு நடுவீதியில் மழை தோண்டிய கிடங்குக்குள் குப்புறக் கிடக்கிறேன். நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. கடைசியில் பார்த்தால், இரைவது வயலில் ஓடும் தண்ணீர்ப் பம்பு.

"எழும்புங்கோ அண்ணை, மண் போடவேணும்," என்கிறாள் மண்வெட்டியோடு மேலே நிற்கும் பெண்.

"என்னையும் சேத்து மூடுங்கோ தங்கச்சி, கிடங்கு கெதியா நிரம்பும்."

அவள் சிரிக்கவில்லை.

"போன மாரியிலை அக்காவைப் பிள்ளைப்பேறுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போன உழவுமெசின் இதுக்கைதான் புதைஞ்சது. பிள்ளை இதிலையே பிறந்தது. அக்கா போயிட்டா."

"வீதி திருத்திற ஆக்கள் வரமாட்டினமோ?"

"அவை வரேக்கை வரட்டும். எனக்கு இந்த மாதம்."

அப்போதுதான் நிமிர்ந்து அவள் வயிற்றைப் பார்க்கிறேன். ஏறி வந்து மண்வெட்டியை வாங்குகிறேன். பம்பு இன்னும் இரைகிறது. இந்த முறை நான் குனிவது மண் வெட்டத்தான்.